பொருள்: நேவி ப்ளூ ஒப்புதல் வேண்டி

திருப்பூரில் 14 வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை. "அப்படின்னா பனியன் தைப்பீங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லைங்க, மெயில் அடிப்பேன். வெளிநாட்டு பையர் ஒரு பக்கம், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் எல்லாம் இன்னொரு பக்கம். நடுவில் நான். ஒரு நாளைக்கு 150 மெயில் வரும், 60 போகும். அதில் ஒரே ஒரு மெயிலின் சப்ஜெக்ட் வரி எங்கள் கம்பெனிக்கு வைத்த செலவைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி சமயம். ஜெர்மனியில் இருக்கும் பையர் அம்மாவுக்கு, ஃபேக்டரி எத்தனை நாள் லீவு என்று ஒரு மெயில் போட்டேன். சப்ஜெக்ட்: 'தீபாவளி ஹாலிடேஸ்'. அவர் நன்றி சொல்லி, வாழ்த்தும் சொல்லிப் பதில் போட்டார். சரி, மெயில் திறந்துதானே இருக்கிறது என்று அதிலேயே ரிப்ளை அடித்தேன். வாழ்த்துக்கு நன்றி. அப்புறம், நேவி ப்ளூ லேப் டிப் ஏ, பி, சி மூன்றும் கூரியரில் அனுப்பியாச்சு, வியாழக்கிழமைக்குள் எது என்று சொல்லுங்கள், டையிங்கில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம்.

லேப் டிப் தெரியாதவர்களுக்கு: பையர் கேட்ட நிறத்தைச் சின்னத் துணித் துண்டில் இரண்டு மூன்று சாயலில் போட்டு அனுப்புவோம். அவர்கள் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னால்தான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏறும். அதுவரை டன் கணக்கில் துணி வெள்ளையாகக் காத்துக் கிடக்கும்.

வியாழன் போனது. வெள்ளி போனது. கூரியர் டெலிவரி ஆனதாகக் காட்டியதால், பார்த்துக்கொண்டிருப்பார் என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து புது மெயில் வந்தது. லேப் டிப் வந்து மேசையில் கிடக்கிறது, அதற்கான மெயிலை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டிருந்தார்.

அவருக்கு என் மெயில் 'ஆர்ஈ: ஏடபிள்யூ: தீபாவளி ஹாலிடேஸ்' என்று போயிருக்கிறது. நன்றிக்கு நன்றி சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துத் திறக்கவே இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன். அதற்குள் டையிங்கில் எங்கள் இடத்தில் வேறொருவர் துணி ஏறிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் சாவகாசமாகத் திரும்பினார்கள். தூத்துக்குடியில் ஏற வேண்டிய கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. பாதிச் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். முதலாளி திட்டவில்லை. ஏர் ஃபிரைட் பில்லைப் பிரிண்ட் எடுத்து என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

(அந்த 'ஏடபிள்யூ' அந்த அம்மாவின் இனிஷியல் என்று முதல் ஆறு மாதம் நினைத்திருந்தேன். ஜெர்மன் மொழியில் பதிலுக்கு 'ஆன்ட்வோர்ட்'. அவர்கள் அவுட்லுக்கில் 'ஆர்ஈ'க்குப் பதில் அதன் சுருக்கம் விழுகிறது. நம் 'ஆர்ஈ'யும் 'ரிப்ளை'யின் சுருக்கம் இல்லையாம், 'இந்த விஷயமாக' என்று பொருள்படும் லத்தீன் சொல்லாம். விஷயம் மாறின பிறகும் 'இந்த விஷயமாக' என்று நான் எழுதிக்கொண்டிருந்ததுதான் கூத்து.)

அந்த பில்லை டிராயரில் வைத்துக்கொண்டு யோசித்ததில், பத்தாம் வகுப்புத் தமிழ் நோட்டு ஞாபகம் வந்தது. மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுவோமே, 'பொருள்: தெருவிளக்கு அமைத்துத் தர வேண்டி விண்ணப்பம்' என்று. அந்த 'வேண்டி' என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. என்ன கேட்கிறோம் என்று கடிதத்தைப் படிக்கும் முன்பே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆபீஸுக்கு வந்ததும் அதை மறந்து 'ரிகார்டிங் லேப் டிப்', 'லேப் டிப் ரெக்.' என்று எழுத ஆரம்பித்துவிடுகிறோம். லேப் டிப் தொடர்பாக, சரி, அதற்கு என்ன? அனுப்பினாயா, தொலைத்தாயா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

இப்போது என் சப்ஜெக்ட் இப்படித்தான் போகும் (அசல் ஆங்கிலத்தில்): 'ஒப்புதல் வேண்டும், 14 நவம்பருக்குள்: ஸ்டைல் 4471 நேவி லேப் டிப்'. செய்ய வேண்டியதும் தேதியும் முதலில். போனில் பார்ப்பவருக்கு 30, 40 எழுத்துதான் தெரியும், மிச்சம் மூன்று புள்ளியாகிவிடும். முன்பெல்லாம் எங்கள் கம்பெனிப் பெயரோடு ஆரம்பிப்போம். அனுப்புநர் பெயர் மேலேயே இருக்கிறது, அதையே திரும்பக் கீழேயும் போட்டு, கேட்க வந்ததைப் புள்ளிக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம்.

தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தில்தான் போடுவேன். 05/06 என்றால் நமக்கும் ஐரோப்பாவுக்கும் ஜூன் 5, அமெரிக்க பையருக்கு மே 6. இந்தப் பாடத்துக்குக் கட்டிய ஃபீஸ் கொஞ்சம் குறைவு, விட்டுவிடலாம்.

அதைவிட முக்கியம் அந்த 4471. அது எங்கள் நம்பர் இல்லை, அவர்களுடையது. ஒவ்வொரு ஃபேக்டரியிலும் உள்ளே ஒரு ஜாப் நம்பர் ஓடும். கட்டிங் மாஸ்டரிலிருந்து பேக்கிங் வரை அந்த நம்பர்தான். காலையிலிருந்து அதையே பேசிப் பேசி, மெயிலிலும் அதுவே வந்து விழும். ஜெர்மனியில் இருக்கும் அம்மாவுக்கு நம் ஜாப் 218 என்ன தெரியும்? அவர் தன் ஸ்டைல் நம்பரைப் போட்டுத் தேடுவார், அதில் நம் மெயில் கிடைக்காது. அரசு அலுவலகக் கடிதங்களில் 'பார்வை' என்று போட்டு ந.க. எண் எழுதுவார்களே, அதே கதை. அவர்கள் அலுவலகக் கோப்பின் எண்ணைச் சொன்னால்தான் அவர்களுக்குக் கோப்பு கிடைக்கும்.

'அர்ஜென்ட்' போடுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் டீமில் ஒருத்தர் 'மோஸ்ட் அர்ஜென்ட்' என்று போடுவார், மறுநாள் 'வெரி வெரி அர்ஜென்ட்'. பையர் அவர் மெயிலைக் கடைசியில்தான் திறப்பார். விலையையும் சப்ஜெக்டில் போடக் கூடாது. பையர் வேறொரு சப்ளையருடன் மீட்டிங்கில் இருக்கும்போது மேசையில் கிடக்கும் போனில் நம் விலை மின்னினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புது விஷயத்துக்குப் புது மெயில் என்று சொன்னால் சிலர் எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். ஒரே லேப் டிப்புக்கு ஒவ்வொரு ரிப்ளையிலும் சப்ஜெக்டை மாற்றுவார்கள். ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் கோர்வை அறுந்து தனியாகப் போய்விடும். கேள்வி ஓரிடம், 'ஆப்ஷன் பி ஓகே' என்ற பதில் வேறிடம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு நிறம் சரியில்லை என்று கிளெய்ம் வந்தால் அந்த 'ஓகே'தான் நம் சாட்சி. நடு ராத்திரி உட்கார்ந்து அதைத் தேடினவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் டீமில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான், பல்லடம் பக்கம். முதல் வாரம் அவன் எழுதின சப்ஜெக்ட் 'ஹாய்'. அவனை உட்கார வைத்து, பில் கதையிலிருந்து தெருவிளக்கு வரை எல்லாம் சொன்னேன். "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று தலையாட்டினான். ஏறியதா என்று தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை எனக்கே ஒரு மெயில் போட்டிருந்தான், தமிழில், சப்ஜெக்ட் மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை:

'வெள்ளிக்கிழமை லீவு வேண்டி, இன்னைக்கு 5 மணிக்குள்ள சொல்லுங்கக்கா: ஊர்ல நோம்பி'

4:50க்கு ஓகே போட்டேன்.