எஃப் கார்டில் நின்றுபோன கிட்டார்

கிட்டார் வாங்கிய முதல் மாதம் என்னை யாரும் வாசி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து எரியும், அப்போதும் கீழே வைக்க மனசு வராது. இரண்டாவது மாதம் கொஞ்சம் குறைந்தது. நான்காவது மாதம் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடி அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தவன்தான், ஏழு வாரம் தொடவே இல்லை. கேட்டவர்களிடம் நேரமே கிடைப்பதில்லை என்று சொன்னேன். பச்சைப் பொய். போனை நோண்டுவதற்கு தினமும் ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது.

காரணம் எஃப் கார்ட். (கார்ட் என்றால் சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதற்கான விரல் பிடி.) சி, ஜி, டி, ஏ மைனர், இ மைனர் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. எஃப்புக்கு ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தை உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டங்களில் முதலாவது) குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்திக்கொண்டு, மீதி மூன்று விரலால் இ மேஜர் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தால் இரண்டு கம்பி ஊமையாகிவிடும், ஒன்று டப் டப் என்று கட்டையைத் தட்டுகிற மாதிரி கேட்கும், இரண்டாவது கம்பி சரியாக என் விரல் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் உட்காருவேன், பத்து நிமிடம் தோற்பேன், எழுந்துவிடுவேன். தினமும் தோற்பதற்காக ஒருவன் எத்தனை நாள்தான் ஆசையாகப் போய் உட்காருவான்?

அப்புறம் வீட்டுக்கு வந்த நண்பன் ஒருவன் அதை எடுத்து இரண்டு கார்ட் பிடித்துப் பார்த்துவிட்டு, "டேய், இதுல எப்படிடா பழகின?" என்றான். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன், ஏறக்குறைய முழுசாகக் கேட்டது! (அங்கே பிடித்தால் அது ஏ மேஜர்.) கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் சின்னத் துண்டு இருக்கிறதே, நட், அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் கம்பி உயர்ந்து நின்றிருக்கிறது. நட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கும் முதல் ஃப்ரெட்டில்தான் அதன் கஷ்டம் முழுக்கத் தெரியும், எஃப் வருவதும் அங்கேயேதான். பழுது பார்ப்பவர் பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் ஆழமாக்கி, தடித்த 12 கேஜ் கம்பியை மாற்றி மெல்லிய 10 கேஜ் போட்டுக் கொடுத்தார். நாலு மாதமாக என் சோம்பேறித்தனம் என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி ஒரு மில்லிமீட்டர்கூட வராத உயரம்.

அதனால் பயிற்சியில் மனசு ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கிட்டாரைப் பற்றித்தான். உடனே பழுது பார்க்க முடியாவிட்டால் எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள், சுருதி பழையபடியே இருக்கும், அழுத்துவது லேசாகிவிடும். இதை ஏமாற்று வேலை என்பவர்களை நான் கண்டுகொள்வதில்லை. பிளாக் சப்பத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965இல், 17 வயதில், தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மெல்லிய கம்பி போட்டு, பின்னால் சுருதியையும் இறக்கித்தான் வாசித்தார். அவரே கருவியை வளைத்துக்கொண்டார், நமக்கென்ன.

சரி, கருவி சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. இன்னொரு வியாதி இருந்தது, வந்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பது. ஒரே நாலு பாட்டின் ஆரம்பம் மட்டும், அதுவும் கஷ்டமான இடம் வரும் முன்பே நிறுத்திவிடுவேன். அரை மணி வாசித்த திருப்தி கிடைக்கும், கை அங்கேயே நிற்கும். இப்போது கிட்டார் உறைக்குள் போவதே இல்லை, நாற்காலி பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது, போகிற வருகிற வழியில் கை பட்டுவிடும். உட்கார்ந்தால் முதல் வேலை ஏ மைனரிலிருந்து எஃப்புக்கு மாறுவது, ஒரு நிமிட டைமர் வைத்து எத்தனை முறை என்று எண்ணுவேன். அந்த ஒரு நிமிடம் முடிந்தால் எழுந்து போகலாம் என்பதுதான் எனக்கு நான் கொடுத்த வாக்கு, ஆனால் பெரும்பாலும் எழுவதில்லை. ராத்திரி எத்தனை முறை முயன்றும் வராத மாற்றம் தூங்கி எழுந்ததும் தானாக வரும் நாட்களும் உண்டு, முதல் தடவை அது நடந்தபோது யாரோ கையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

காலண்டரில் தினமும் டிக் போடுவதையும் செய்து பார்த்தேன். 19 நாள் போட்டேன். இருபதாவது நாள் காய்ச்சல், அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கிட்டாரையும் பார்க்காமல் விட்டேன். எனக்கு அது ஒத்துவரவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு தடவை போனில் பதிவு செய்து வைக்கிறேன், திருத்தாமல், தப்போடு. மூன்று மாதத்துக்கு முந்தியதைக் கேட்டால் சிரிப்பாக வரும். நேற்று வாசித்ததோடு இன்று வாசித்ததை ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அங்கேதான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறோம்.

முதல் நாள் ஒரு நிமிடத்தில் ஏழு முறை மாறினேன், அதிலும் நாலு ஊமை. நேற்று 31. முப்பத்திரண்டாவதுக்கு விரலைத் தூக்கும்போது டைமர் அடித்துவிட்டது.