ஒன்பது தட்டும் இரண்டு தட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் ஒரே ஒரு 'டிக்'. பல்லிகூட ரெண்டு மூணு தடவை சொல்லும்.

விடிந்தால் திருச்செந்தூரில் தங்கச்சி குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மதுரையிலிருந்து எத்தனையோ பஸ் போகிறது, ஆனால் ஒன்பது சீர்த்தட்டையும் ஒரு முழுப் பலாப்பழத்தையும் வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?

எதிர்வீட்டு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பேட்டரி சார், சந்தேகமே இல்ல." அவருக்கு மிக்ஸி ஓடாவிட்டாலும் பேட்டரிதான். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிக் காட்டினேன். பேட்டரி இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் வெளிச்சம் செத்துப் போகும். இது அப்படியே எரிந்தது. ஹாரன் தெரு நாயை எழுப்பியது. அப்போ செல்ஃப்தான், இன்ஜினைச் சுற்றி எழுப்பிவிடுகிற மோட்டார்.

நமக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ராத்திரி எட்டரைக்கு வந்தார். பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு 'டிக்' மட்டும் கேட்டார்.

"கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சுண்ணே. கழட்டி மாட்டணும். நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க."

"நாளைக்கு நான் திருச்செந்தூர்ல இருக்கணும்ப்பா."

"அப்ப ரெண்டு தட்டு தட்டிட்டுப் போங்க."

ஜாக்கி கம்பியை எடுத்து செல்ஃப் மோட்டாரின் ஓட்டில் டொக், டொக் என்று தட்டினார். நான் சாவியைத் திருப்பினேன். உறுமிக்கொண்டு எழுந்தது. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துவது அந்த பிரஷ்தானாம். தேய்ந்தால் உள்ளே சரியாகத் தொடாமல் நிற்குமாம், அதிர்ச்சியில் கொஞ்சம் நகர்ந்து தொட்டுக்கொள்ளுமாம். "ரெண்டுக்கு மேல வேணாம்ணே, ஓடு விட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "இதுல என்ன அதிசயம்? வீட்ல இன்னொண்ணும் தட்டினாத்தான் எழும்பும்."

மறுநாள் காலை மூன்றரை மணி. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழமாக அம்மா நான்கு வைத்தார். அப்பா, "அந்தக் காலத்துல லாரிக்கு முன்னாடி நின்னு கம்பி போட்டுச் சுத்துவாங்க, கை ஒடிஞ்சவன்லாம் உண்டு" என்று உற்சாகப்படுத்தினார். அந்தக் கொடுமை தாங்காமல்தான் கெட்டரிங் என்று ஒருவர் மின்சார செல்ஃபைக் கண்டுபிடித்து, 1912 மாடல் கேடிலாக் கார்களில் பொருத்தினார்கள். நூறு வருஷம் தாண்டி நாங்கள் மறுபடி கம்பிக்கே வந்திருந்தோம். எட்டாவது படிக்கும் மகன் கம்பியோடு தயாராக நின்றான். டொக், டொக். கிளம்பிவிட்டது. நாலு பழமும் நசுங்கின.

வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எட்டயபுரம் பக்கம் டீ குடித்ததுகூட ஷிப்ட் முறையில்தான். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த டீயில் ஆடை கட்டியிருந்தது.

எல்லாவற்றையும் யோசித்த நான் பெட்ரோல் போட மறந்திருந்தேன். தூத்துக்குடிக்கு முன்னால் முள் சிவப்பைத் தொட்டது. பங்க்கில் இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும். அணைத்தேன். போட்டார்கள். திருப்பினேன். டிக்.

மகன் கம்பியோடு குதித்து இறங்கிப் பானட்டைத் தூக்கியதும் பங்க் பையன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். "தம்பி! பெட்ரோல் பங்க்ல இரும்பத் தட்டுறியே, எங்க எல்லாரையும் சேத்து அனுப்பவா?" நியாயம்தான். சாவியை ஆன் செய்து, ரெண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டேன். பங்க் பையன்கள் மூன்று பேரும் என் மகனும் தள்ளினார்கள். வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கு குலுக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. பின் சீட்டில் அம்மா மடியில் இருந்த தட்டிலிருந்து ஜாங்கிரிகள் பறந்தன.

காதுகுத்து நன்றாக நடந்தது. குழந்தை என் சட்டையை நனைத்தது, தாய்மாமனுக்கு அது கணக்கிலேயே வராது. குழந்தையோடு என் மச்சான், என் மகன், அப்பா மூவருக்கும் மொட்டை. வேண்டுதல்.

சாப்பிட்டுவிட்டு, மச்சானையும் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் விடலாம் என்று காருக்கு வந்தோம். "டேய், கம்பி எங்கடா?" என்றேன். மகன் சந்தனம் காயாத தலையைத் தடவினான். பங்க்கிலேயே வைத்துவிட்டானாம்.

சரி, தள்ள வேண்டியதுதான். பார்க்கிங் மைதானத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அம்மாவும் மனைவியும் உள்ளே உட்கார, மூன்று மொட்டைகளும் டிக்கியில் கை வைத்துக் குனிந்தார்கள். ரெண்டாவது கியர், கிளட்ச். அப்பா "முருகா!" என்றார். எதற்கும் ஒரு தடவை என்று சாவியைத் திருப்பினேன்.

ஷோரூமில் நிற்கிற வண்டி மாதிரி ஸ்டார்ட் ஆனது. அதிர்ச்சியில் கிளட்ச்சை விட்டுவிட்டேன். வண்டி பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், வெயிலில் மின்னிக்கொண்டு மூன்று சந்தனத் தலைகள், நீட்டிய கையை மடக்காமல் ஓடி வருகின்றன.

"நிறுத்துங்க, அவங்க ஏறல!" என்று மனைவி கத்தினாள்.

"நிறுத்தினா ஆஃப் ஆயிரும்" என்றேன். "கதவை மட்டும் திறந்து வை."