தனாக்குவில் பூட்டிய கதவு

பழைய மாணவர்கள் கூடினால் பெரிய மாச், பிரம்படி என்றுதான் கதை போகும். எனக்குச் சரித்திர சேர்தான் ஞாபகம் வருவார். உயர்தர வகுப்பில் சேர்வியஸ் துல்லியஸ் உரோமின் அரசனான கதைக்கு ஒரு முழுப் பாடவேளையைச் செலவழித்தவர். பரீட்சைக்கு அது வராது. குடிக்கணக்கு எடுத்ததும் சொத்தின்படி மக்களைப் பிரித்ததும்தான் வரும். அவற்றைக் கடைசிப் பத்து நிமிடத்தில் நோட்ஸாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதை உரோமச் சரித்திர ஆசிரியர் லிவி எழுதியது. சிறைபிடித்து வந்த ஒருத்தியின் பிள்ளை சேர்வியஸ். உறங்கும்போது அவன் தலையைச் சுற்றித் தீ எரிந்ததாம். தண்ணீரோடு ஓடிவந்தவனை அரசி தனாக்குவில் தடுத்தாள். அதன்பின் அவன் வீட்டுப் பிள்ளை, அப்புறம் மருமகன். கி.மு. 579 அளவில், முந்திய அரசனின் புதல்வர்கள் ஏவிவிட்ட இரண்டு இடையர்கள் வழக்குச் சொல்வதுபோல் அரண்மனைக்குள் போனார்கள். அரசன் தார்க்குவினியஸ் ஒருவன் பக்கம் திரும்பியிருக்க, மற்றவன் அரசனின் தலையில் கொத்தினான். கோடரியைக் காயத்திலேயே விட்டுவிட்டு ஓடினார்கள்.

இந்த இடத்தில் சேர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். "இப்ப அரசி என்ன செய்வா?"

"அழுவா சேர்" என்றது பின்வாங்கு.

"அழேல்லையடா. முதல்ல கதவைப் பூட்டினா!"

மருந்து தேடுவதுபோல் காட்டிக்கொண்டே மருமகனைக் கூப்பிட்டாள். பிறகு மேல்மாடி யன்னலில் நின்று, அரசருக்குக் காயம் ஆழமில்லை, நினைவு திரும்பிவிட்டது, இப்போதைக்குச் சேர்வியஸ் சொல்வதைக் கேளுங்கள் என்று கூட்டத்துக்குச் சொன்னாள். சேர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி இதை உரத்துச் சொல்ல, கீழே மைதானத்தில் நின்ற பெடியள் அண்ணாந்து பார்த்தார்கள். சேர்வியஸ் அரச உடையில் வந்து இருந்து சில வழக்குகளைத் தானே தீர்த்தான். சிலவற்றை அரசரிடம் கேட்டுச் சொல்வதாக நடித்தான். உள்ளே கிடந்தது பிணம். சாவு வெளியே தெரியவந்தபோது அதிகாரம் அவன் கைக்குப் போய்விட்டது. மக்களைக் கேளாமல், செனற் என்ற பெரியோர் சபையின் விருப்பத்தோடு மட்டும் ஆண்ட முதல் அரசன் இவன்தான் என்கிறார் லிவி.

பிரான்ஸுக்கு வந்து பல காலம் கழித்து, லியோன் நூதனசாலையில், அந்நகரில் 1528இல் கிடைத்த வெண்கலப் பலகையைப் பார்த்தேன். மேல்பகுதி உடைந்து போய்விட்டது. கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் செனற்றில் பேசியது அதில் வெட்டியிருக்கிறது. உரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்துருஸ்கர்களின் நூல்களில் சேர்வியஸின் பெயர் மஸ்தார்னா என்கிறார் அவர். தலைவன் கேலியஸ் விவென்னாவின் மிஞ்சிய படையோடு உரோமுக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டானாம். எத்துருஸ்கர்களின் பழைய நகரான வுல்சியில் 1857இல் திறந்த கல்லறையின் சுவரோவியத்திலும் அவன் தன் தலைவனைக் கட்டியிருந்த கயிற்றை வாளால் அறுத்துக்கொண்டு நிற்கிறான்.

இந்தக் கதையில் தனாக்குவில்லுக்கு வேலையே இல்லை. எனக்கென்னவோ இதுதான் நம்பக்கூடியதாகப் படுகிறது; லிவி எழுதியது ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து. சேர் மஸ்தார்னாவைப் பற்றிச் சொன்னாரா, நாங்கள்தான் யன்னல் கூத்தில் அதை மறந்தோமா தெரியாது. அந்த வருட வகுப்புக்காரர் யாரிடமாவது சரித்திரக் கொப்பி மிஞ்சியிருந்தால் அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டு வாருங்கள்.