கட்டைவிரல் படுத்தும் பாடு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு டபராவில் காபி ஆற்ற முடியவில்லை என்றால் என்ன வாழ்க்கை இது? கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி அப்படி ஒரு வலி. ஈரத்துணியைப் பிழிந்தால் உயிர் போகிறது. சுளுக்கு என்று ஆளுக்கொரு தைலம் கொடுத்தார்கள். மாமியார் மட்டும், "பிள்ளையைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆகிறது, டாக்டரிடம் போம்மா" என்றார்.

தஞ்சாவூர் எலும்பு மருத்துவர் கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்! டி குவெர்வான் நோயாம். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறை வழியாகப் போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் அசைக்கும்போதெல்லாம் உரசி வலிக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வருமாம். (பிரசவத்துக்குப் போனபோதே யாராவது சொல்லியிருக்கலாம்.)

இப்போதைக்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், அடியில் உள்ளங்கை கொடுத்து வாரி எடுக்க வேண்டும். குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் உறையைக் கீறிவிடும் சிறிய அறுவை சிகிச்சை.

அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரொம்ப வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.