கை வைத்த சட்டை

ஜூலை 14, திங்கள்

மூன்றாவது முறையாகச் சட்டைக் கையைப் பிரித்தாயிற்று. உடல் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாட், அதாவது உடம்போடு ஒட்டத் துணியைப் பிடித்துத் தைக்கிற மடிப்பு, நேராக இருக்கிறது, தோள் தையல் நேராக இருக்கிறது. கையை வைத்துத் தைத்ததும் தோளைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடுகிறது, பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தது போல. பிரித்துப் பிரித்துக் காடாத் துணியின் ஓரம் சல்லடையாகிவிட்டது.

"உனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்" என்றார் எங்களுக்கு ஆடை வடிவமைப்பு சொல்லித்தரும் மேடம். முதல் வருடம் முழுக்க நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு தைத்தவன் நான். பொறுமை இல்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? ஆனால் பதில் சொல்ல வாயில் ஒன்றும் இல்லை.

எல்லோரும் போன பிறகு ஸ்டுடியோவில் டம்மிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கும் கை கிடையாது. கையே இல்லாத பொம்மைகளுக்குக் கை தைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி. விளக்குத்தூணைத் தாண்ட அரை மணி நேரம். அம்மாவின் பிளவுஸை வாங்கி வரக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். அங்கே தைக்கிற பாய் முன்பு புது மண்டபத்தில் இருந்தவர். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபத்தில், சிலைகளுக்கு நடுவே தூணோரம் மிஷின் போட்டு நாற்பது வருடம் தைத்தவர். மண்டபத்தைக் காலி செய்து கடைகளை இங்கே மாற்றிய பிறகு, "வெளிச்சம் நன்றாக இருக்கிறது, காற்றுதான் இல்லை" என்பார். சித்திரைத் திருவிழா வந்தால் அழகர் வேஷம் போடுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டையும் குல்லாயும் தைப்பதும் இவர்தான்.

பையில் இருந்த என் காடா உருப்படியைத் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினேன். தையலை அவர் பார்க்கவே இல்லை. "பேப்பர் இருக்கிறதா தம்பி?" என்றார். துணி வெட்டுவதற்கு மாதிரியாக வரைந்த பேட்டர்ன் காகிதத்தை விரித்தேன். டேப்பை எடுத்து, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, வளைவின் மேலேயே எறும்பு போல நகர்த்தி அளந்தார். வளைவை அப்படித்தான் அளக்க வேண்டுமாம். நான் இத்தனை நாள் படுக்க வைத்து மடக்கி மடக்கி அளந்துகொண்டிருந்தேன்.

கைக்குழி, அதாவது சட்டையின் உடலில் கை பொருந்துகிற வளைவு, பதினாறரை இன்ச். கையின் மேல்வளைவு பதினெட்டேகால்.

"ஒன்றே முக்கால் இன்ச் கூடுதல். அதைத் துணி எங்கே கொண்டுபோய் ஒளித்துவைக்கும்?"

கம்பளித் துணி ஒளித்துவைக்கும். ஆவி காட்டி இஸ்திரி போட்டால் இழைகள் நெருங்கிக்கொண்டு, கூடுதல் துணி இருந்த இடம் தெரியாது. கோட்டுத் தோள் உருண்டையாக நிற்பது அதனால்தான். நெருக்கமாக நெய்த பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. கூடுதலாகக் கொடுத்ததை அப்படியே சுருக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். எங்கள் வகுப்புத் தாளில் இருந்த கணக்கு கோட்டுக்குப் போட்டது. மதுரை வெயிலில் காடாவை வைத்துக்கொண்டு கம்பளிக் கணக்கு போட்டிருக்கிறேன், மூன்று முறை.

"பருத்திக்கு அரை இன்ச் போதும். மிஞ்சிப் போனால் முக்கால்."

அம்மாவின் பிளவுஸை மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். திருமங்கலத்தில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பாயிடம் சனிக்கிழமைதோறும் உட்காரலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை, டீ உண்டு. இன்று முழுக்கக் கை வைத்துப் பழகினேன். கற்றது ஒன்று: இரண்டு துணியில் எது நீளமோ அது அடியில் போக வேண்டும். ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. மேல்துணி, அதை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தில் உரசிக்கொண்டு பின்தங்குகிறது. கையை அடியில் வைத்தால் அந்த அரை இன்ச்சை மிஷினே விழுங்கிவிடும். நான் கையை மேலே வைத்து, விரலால் திணித்துத் திணித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, ஊசி. மழுங்கிய ஊசி துணியில் இறங்கும்போது 'டொக்' என்று சத்தம் கேட்கும். பாய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலேயே, "ஊசியை மாற்று" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஸ்டுடியோவில் கை சுருக்கம் இல்லாமல் அமர்ந்தது. மேடம் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். "இதுதான் பொறுமை" என்றார். சரி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவின் காக்கிச் சட்டை மறுபடியும் அக்குளில் கிழிந்துவிட்டது. எப்போதும் அதே இடம், எப்போதும் வலது கை. அம்மா ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக்கு மேல் ஒட்டு.

அப்பா கண்டக்டர். இருபத்தாறு வருடமாக வலது கையால் மேல் கம்பியைப் பிடித்தபடி, இடது கையில் பையையும் டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறவர். இது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் இன்றுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். கை மேலே போனதும் சட்டை மொத்தமும் கூடவே ஏறி, பெல்ட்டை விட்டு வெளியே வந்தது. கைக்குழி விலாவரை இறங்கியிருக்கிறது. தாராளமாக இருக்கட்டும் என்று யாரோ தையல்காரர் இறக்கி வெட்டியிருக்கிறார். அந்தத் தாராளம்தான் கிழிக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

பாயிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சாக் கட்டியை எடுத்தார். இவ்வளவு நேரம் அவர் எனக்கு விளக்கியது இதுவே முதல் முறை.

கைக்குழியை அரை இன்ச் மேலே ஏற்ற வேண்டும். அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கை தூக்கும்போது சட்டை கூடவே வராது. அடுத்து, கையின் மேல்வளைவு. எங்கள் தாளில் அப்பாவின் அளவுக்கு உயரம் ஆறு இன்ச் வந்திருந்தது. பாய் நாலரை போட்டார். உயரத்தைக் குறைத்தால் வளைவின் நீளம் குறையாமலிருக்கக் கையின் அகலத்தைக் கூட்ட வேண்டும். அப்போது கை கீழ்நோக்கித் தொங்காமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். தூக்குவதற்குத் துணி கிடைக்கும்.

"ஆனால் கையைத் தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு விழும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது தம்பி. போட்டுக்கொள்கிறவர் சும்மா நிற்கிறவரா, கை தூக்குகிறவரா என்று முதலில் கேள்."

செப்டம்பர் 6, சனி

செமஸ்டர் வேலைக்கு 'ஊர்த் துணியில் ஒரு உடை' என்று தலைப்பு. சுங்குடியில் சட்டை, அப்பா அளவுக்கு. வேறு எதுவும் தோன்றவில்லை.

2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி. ஆனாலும் கடையில் சுங்குடி என்று கேட்டால் முதலில் மெழுகு அச்சையும் ஸ்கிரீன் அச்சையும்தான் எடுத்துப் போடுகிறார்கள். கைக்கட்டு வேண்டும் என்று சொன்ன பிறகு உள்ளேயிருந்து ஒரு சேலை வந்தது. சௌராஷ்டிரப் பெண்கள் நுனிவிரலில் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிய பிறகு அவிழ்த்தது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தினுசு. தடவிப் பார்த்தால் வேர்க்குரு போல மேடு. விலையைக் கேட்டதும் எனக்கும் லேசாக வேர்த்தது.

வெட்டுவதற்கு முன் ஊறவைத்து உலர்த்தினேன். ஐந்தரை மீட்டரில் ஒரு சாண் குறைந்தது. தைத்த பிறகு குறைந்திருந்தால் சட்டை எனக்குத்தான் சேர்ந்திருக்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுங்குடி காட்டிக்கொடுக்கிற துணி. காடாவில், நீளவாட்டில் ஓடும் பாவு இழைக்கு நேராக வைக்காமல் சற்றுக் கோணலாக வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. இங்கே புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. இடது முன்பக்கம் கால் இன்ச் கோணல். புள்ளி வரிசை பட்டன் பட்டியில் படிக்கட்டு போல இறங்கியது. அந்தப் பகுதியை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. மிச்சத் துணியில் கழுத்துப்பட்டிக்கு இடம் போதவில்லை. உள்பக்கத்துக்கு வெள்ளைப் பாப்ளின் போட்டேன். அதைத் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளப் போகிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

1921-இல் இதே நாளில், மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி சட்டையையும் குல்லாயையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். அந்த வழியாகத்தான் இன்று நடந்து வந்தேன், கையில் இஸ்திரி போட்ட சட்டையோடு. உடையைப் பற்றி மதுரையில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கை வைக்கிற தொல்லை சுத்தமாக இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

மதிப்பீடு. சட்டையை டம்மிக்குப் போட்டு நிறுத்தினார்கள். பாய் சொன்ன மடிப்பு இரண்டு அக்குளிலும் சரியாக விழுந்தது. மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்தவர் பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டி, "கை சரியாக அமரவில்லை" என்றார். இது கண்டக்டருக்கு, கை தூக்குவதற்காக வெட்டியது என்று சொன்னேன். "கண்டக்டர் எதற்குச் சுங்குடிச் சட்டை போடுகிறார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இருபதுக்குப் பதின்மூன்று. கழுத்துப்பட்டியின் வெள்ளை உள்பக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

அப்பா சட்டையைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன் நிற்கவில்லை. நேரே வாசல் நிலைக்குப் போய், மேல்கட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டு, பஸ் திருப்பத்தில் சாய்வது போல அப்படியும் இப்படியும் ஆடினார். சட்டை இடுப்பிலேயே இருந்தது. இடது கைக்கு மாற்றிப் பிடித்தார். அப்போதும் இருந்தது.

"புள்ளி கொஞ்சம் அதிகம்" என்றார்.

உள்ளே போய், பிரிக்காமல் வைத்திருந்த காக்கித் துணியை எடுத்து வந்து என் மிஷின் மேல் வைத்தார். இரண்டு செட். புதன்கிழமைக்குள் ஒன்றாவது வேண்டுமாம். பாயிடம் தீபாவளி வேலை குவிந்துகிடக்கிறது, எனக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு. காக்கி நூல் வேறு வீட்டில் இல்லை.