அலையாத்தி நடுவதற்கு முன் வாய்க்காலைப் பாருங்கள்

பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை அலையாத்தி மரங்கள் அடர்ந்த சதுப்புக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து சுருங்கி, நிலம் நடுவில் தாழ்ந்து தொட்டி மாதிரி ஆனது. கடல்நீர் உயரும் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. கோடையில் அது வற்ற வற்ற உப்பு ஏறியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இப்படித் தேங்கும் பள்ளத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அங்கே எத்தனை ஆயிரம் கன்று வைத்தாலும் கருகத்தான் செய்யும்.

அதனால் முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். கடல்நீர் வந்துபோகும் ஓடையான கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு பக்கமும் சுமார் 45 பாகை சாய்வில் கிளை வாய்க்கால்கள், மீன்முள் போல. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான். ஆழத்தை மட்டம் பார்த்து முடிவு செய்யுங்கள்: கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. கரையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விடுங்கள். அந்தச் சரிவின் நடுப்பகுதியில்தான் நடவு. ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளியே தெரியும் மட்டம் அது. அதற்குக் கீழே வைத்தால் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்றை வாங்கும் மூச்சுவேர் மூழ்கியே கிடந்து செடி அழுகும். மேட்டில் வைத்தால் உப்பில் காயும்.

அலையாத்திக் காய்கள் மழைக்காலத்தை ஒட்டி முற்றும். மரத்தை லேசாக உலுக்கினால் உதிர்பவை போதும், பச்சைக் காயைப் பறிக்க வேண்டாம். ஊசித்துளை இருந்தால் உள்ளே புழு, ஒதுக்கிவிடுங்கள். மற்றதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஓரிரு நாளில் தோல் கழன்று, மடிந்த இரண்டு பச்சைப் பருப்பும் ரோமம் படர்ந்த குட்டி வேர்முனையும் தெரியும். மரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிட்ட விதை இது. காயவைத்துச் சேமிக்க முடியாது, சில நாளுக்குள் நட்டாக வேண்டும். வேர்முனை மட்டும் சேற்றில் இறங்கினால் போதும். பருப்பைப் புதைத்தால் அழுகிவிடும்.

நேரடியாக ஊன்றினால் அலை இழுத்துப் போகும் இடங்களில் பாலித்தீன் பையில் சதுப்பு மண் நிரப்பி வளர்த்து, சில மாதம் கழித்து ஒரு மீட்டர் இடைவெளியில் நடலாம். நாற்றங்காலும் கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்திலேயே இருக்கட்டும். நடும்போது பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள், சதுப்பில் விட்டுவிட வேண்டாம்.

நட்ட பிறகு முதல் எதிரி ஆடு மாடு. இலை உப்புக் கரித்தாலும் விரும்பித் தின்னும். கொம்பு வேலியாவது கட்டாயம். அடுத்து பச்சைப் பாசி: தண்டில் சுற்றிக்கொண்டு ஓதத்தோடு செடியைச் சாய்த்துவிடும், கையால்தான் எடுக்க வேண்டும். தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) அப்பியிருந்தால் பெரும்பாலும் நட்ட மட்டம் தாழ்வு என்று அர்த்தம். சுரண்டுவதைவிட அடுத்த வரிசையை மேலே ஏற்றுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் தூர் வாருவது. வாய்க்கால் வாயில் வண்டல் அடைத்தால் நிலம் பழையபடி தொட்டியாகிவிடும். திட்டச் செலவில் பல வருடத் தூர்வாரலுக்குப் பணம் ஒதுக்காமல் நடவைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எப்போதும் வெறுமையாகவே இருந்த சேற்றுத்திட்டுகளை விட்டுவிடுங்கள். வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடும் இடம் அது.