அரை மணிக்கு ஓர் எண்

செப்டம்பர் மாத மின்கட்டணப் பட்டியலில் 437 யூனிட் என்று இருந்தது. தில்லியில் 2019 ஆகஸ்டிலிருந்து 200 யூனிட் வரை கட்டணம் கிடையாது. 201 முதல் 400 வரை பாதிக் கட்டணம், அதுவும் 800 ரூபாய் வரைக்கும்தான் சலுகை. 400-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை முழுவதுமாகப் போய்விடும். ஆகவே கடைசி 37 யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை, அந்த 37 யூனிட்டின் விலை மட்டுமல்ல. மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், குற்றவாளி யார் என்ற விசாரணை அன்று இரவே தொடங்கியது. அம்மா ஏசியைச் சொன்னார். என் மகன், அம்மாவின் கிரைண்டரைச் சொன்னான். நான் ஸ்மார்ட் மீட்டரைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

சென்ற ஆண்டு மாற்றிய மீட்டர் அது. செயலியைத் திறந்தால் அரை மணிக்கு ஓர் எண் வீதம் ஒரு நாளைக்கு 48 எண்கள் கிடைக்கின்றன. பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதைப் போல ஒரு மயக்கம் வரும். ஆனால் அந்த எண்ணில் எந்தச் சாதனத்தின் பெயரும் இல்லை. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அரை மணி நேரத்தில் 0.3 யூனிட் செலவானது என்றால், ஏசி அந்த அரை மணியும் சராசரியாக 600 வாட்டில் ஓடியிருக்கலாம், 2000 வாட் கீசர் 9 நிமிடம் எரிந்திருக்கலாம், 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 நிமிடம் எரிந்திருக்கலாம். மூன்றுக்கும் மீட்டர் தரும் பதில் ஒன்றுதான்.

வீட்டின் மொத்த மின்னோட்டத்தை ஒரே இடத்தில் அளந்து, அதிலிருந்து தனித்தனிச் சாதனங்களைப் பிரித்தறியும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980-களில் இதைத் தொடங்கினார். 1992-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையைத்தான் இத்துறையில் இன்றும் முதலில் சொல்கிறார்கள். ஒரு சாதனத்தைப் போட்டால் மொத்த அளவு படிக்கட்டு போல ஏறும், அணைத்தால் அதே உயரம் இறங்கும், அந்தப் படியின் உயரமே சாதனத்தின் அடையாளம் என்பது அதன் சாரம். விநாடிக் கணக்கில் அளந்தால் படி தெரியும். அரை மணிச் சராசரியில் படிகள் அனைத்தும் கரைந்துபோய்விடுகின்றன. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை ஏசியோ படியே ஏறாமல் சரிவுப் பாதையில் ஏறி இறங்கும் ரகம்.

நம் ஊருக்கென்று வேறு சிக்கல்களும் உண்டு. ஐ.ஐ.ஐ.டி. தில்லி ஆய்வாளர்கள் 2013 கோடையில் இந்நகரத்து வீடு ஒன்றை 73 நாட்கள் சாதனம் சாதனமாக அளந்து தரவுகளைப் பொதுவில் வைத்தார்கள். மின்னழுத்த ஏற்ற இறக்கமும் மின்வெட்டும் நம் வீடுகளின் கணக்கை எப்படிக் குழப்புகின்றன என்பதும் அவர்கள் கவனித்த விஷயங்களில் ஒன்று. கீசரையே எடுத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் கம்பிச்சுருள், 210 வோல்ட்டில் சுமார் 1670 வாட்தான் எடுக்கும். பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பிக் கணக்குப் போடுபவர் ஆறில் ஒரு பங்கு தவறிவிடுவார்.

எனவே கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, கழித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தில்லியின் பருவநிலை இதற்கு மிகவும் ஒத்துழைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஏசி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கீசர். இடையில் நவம்பர் நடுப்பகுதியில் ஏசியும் இல்லை, கீசரும் இல்லை, இரவில் விசிறிகூடச் சுற்றாத இரண்டு வாரங்கள் வரும். சென்னையில் இருந்திருந்தால் இப்படியொரு வாய்ப்பு எனக்குக் கிடைத்திராது. அந்த நாட்களில் இரவு 2 மணி முதல் 5 மணி வரையிலான ஆறு எண்களை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறும் 0.07-ஐ ஒட்டியே இருந்தன. அதாவது, வீடே உறங்கும் வேளையில் ஏறத்தாழ 150 வாட் போய்க்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜின் நட்சத்திர முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட்டை 365 நாட்களுக்குப் பகிர்ந்தால் சராசரி 40 வாட். ரௌட்டரும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து 22 வாட். மீதி சுமார் 85 வாட்டுக்கு உரிமை கோர ஆளில்லை.

செயலி இதற்குமேல் உதவாது என்பதால் மீட்டரிடமே போனேன். மீட்டரின் முகப்பில் சிமிட்டும் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள்; எங்களுடையதில் 3200. ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று பொருள். அப்படியானால் ஒரு சிமிட்டல் என்பது 1125 வாட்-விநாடி; இரண்டு சிமிட்டல்களுக்கு இடையே உள்ள விநாடிகளால் 1125-ஐ வகுத்தால் அந்தக் கணத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைத்துவிடும். மீட்டர்கள் தரைத்தளப் பலகையில் இருப்பதால் நான் கீழே கைபேசிக் கடிகாரத்துடன் நின்றேன், மனைவி மேலே சுவிட்சுகளுடன் நின்றார். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்ந்ததும் சொல்லச் சொன்னேன். சிமிட்டலுக்குச் சிமிட்டல் பத்தரை விநாடி, அதாவது 107 வாட். இப்போது மின்வெட்டுக்காக பேட்டரியோடு வைத்திருக்கும் வீட்டு இன்வெர்ட்டரின் பிளக்கை அணைக்கச் சொன்னேன். சிமிட்டல் அடியோடு நின்றது. இரண்டு நிமிடம் காத்திருந்தும் வரவில்லை. 107 வாட்டும் இன்வெர்ட்டர்தான் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன்.

“ஏங்க, இன்வெர்ட்டரை அணைச்சாச்சு, ஆனா ரௌட்டர் விளக்கு இன்னும் எரியுதே?” என்றார் மனைவி.

ரௌட்டரும் செட்டாப் பாக்ஸும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றன. பிளக்கை அணைத்ததும் அவை பேட்டரிக்கு மாறிவிட்டன, மீட்டருக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டு, பேட்டரி இழந்ததை நிரப்பிக்கொள்ள அரை மணி விட்டு, அவை இரண்டையும் முதலில் அணைத்துவிட்டு மீண்டும் எண்ணினேன். 13 விநாடி. இன்வெர்ட்டர் மட்டும் 86 வாட்.

மின்வெட்டே இல்லாத இரவில், நிரம்பிய பேட்டரிக்கு எதற்கு 86 வாட்? கை வைத்துப் பார்த்தால் பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது. ஆறு வயது ஆன பேட்டரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிவந்த டிஸ்டில்ட் வாட்டரை இவ்வாண்டு மாதாமாதம் ஊற்றவேண்டியிருந்தது என்பதை அம்மா அப்போதுதான் சொன்னார். ஒரு செல் செத்துவிட்டதால் பேட்டரி நிரம்புவதே இல்லை, ஏற்றும் மின்சாரம் எல்லாம் சூடாகவே போகிறது என்றார் பார்க்க வந்தவர். எங்கள் பகுதியில் மின்வெட்டு அபூர்வம் என்பதால் அதன் நோய் எங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போயிற்று. 86 வாட் என்பது நாளைக்கு இரண்டு யூனிட், மாதத்துக்கு 62.

ஏசியையும் சும்மா விடவில்லை. செப்டம்பர் இரவு ஒன்றின் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான 16 எண்களைக் கூட்டினால் 5.9 யூனிட், விசிறிகளையும் மேற்சொன்ன நிரந்தரச் செலவையும் சேர்த்த 2.1-ஐக் கழித்தால் ஏசிக்கு 3.8. முதல் அரை மணியில் மட்டும் 0.75 வரை ஏறி, பிறகு 0.34-இல் அடங்கிவிடுகிறது. நான் பயந்த அளவுக்கு இல்லை. கிரைண்டரோ 150 வாட்டில் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட், எண்களில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. மகன் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டான், இட்லி தின்றுகொண்டே.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் தங்கள் செயலிப் படங்களைப் பகிர்ந்து ஒப்பிடலாம் என்று ஒருவர் எழுதினார். நான் பகிரவில்லை. ஜூனில் நாங்கள் சென்னைக்குப் போயிருந்த ஒன்பது நாட்களும் அந்த வரைபடத்தில் தட்டையான கோடாகத் தெரிகின்றன. வீடு பூட்டியிருந்ததை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நவம்பர் கடைசியில் புதுப் பேட்டரி வந்தது. இப்போது இன்வெர்ட்டர் தனியாக 15 வாட்தான் எடுக்கிறது, சிமிட்டலுக்கு 75 விநாடி. இரவு எண் 0.07-இலிருந்து 0.04-க்கு இறங்கியிருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் காலை எண்களில் கீசர் தலைகாட்டத் தொடங்கியது. 14 டிகிரியில் வரும் 15 லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்கு ஏற்ற 0.63 யூனிட் வேண்டும், சுமார் 19 நிமிடம். மனைவி 6.20-க்குப் போடுவதால் அது பாதி பாதியாகப் பிரிந்து இரண்டு அரை மணிகளில் விழுகிறது. இரண்டு பேர் குளித்ததைப் போலத் தோன்றுகிறது. ஒரு வாரத்துக்கு 6.30-க்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பள்ளிப் பேருந்து 7.05-க்கு வந்துவிடும் என்பதால் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.